பாசி மருந்து போட்ட பிறகு ஸ்கிம்மரைக் கையாளும் முறை

பவளத் தொட்டியில் முடிப்பாசிக்கோ பிரையோப்சிஸ் என்னும் பச்சைப் பாசிக்கோ பாறைமேல் சிவப்புப் படலமாகப் படரும் சயனோபாக்டீரியாவுக்கோ (சயனோ) மருந்து போட்டால், சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ நீரின் அழுக்கைக் காற்றுக் குமிழியால் நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியான ஸ்கிம்மரின் கழுத்தில் வெள்ளை நுரை பொங்கி, கழிவு சேரும் கப் நிரம்பி, மூடி இடுக்கு வழியாகக் கீழே உள்ள துணைத்தொட்டியான சம்ப்புக்குள் வழியத் தொடங்கும். அதைக் கண்டதும் பதறிப்போய் ஸ்கிம்மரின் பிளக்கைப் பிடுங்கிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அந்த நேரத்தில் செய்யக் கூடாத காரியமும் அதுவே. மருந்து நாட்களில் ஸ்கிம்மரிடமிருந்து நமக்கு முதலில் வேண்டியது காற்று. அழுக்கு எடுப்பது இரண்டாம் பட்சம். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லியிருப்பவை அனைத்தும் எளிதில் விளங்கும்.

ஸ்கிம்மருக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகள் உப்புநீரோடு கலந்து மேலெழும்போது, ஒரு முனை நீரையும் மறு முனை காற்றையும் நாடும் கரிமப் பொருட்கள் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. புரதம், கொழுப்பமிலம், சில சர்க்கரைச் சேர்மங்கள் ஆகியவை இவ்வாறு நுரையில் ஏறிக் கப்பில் விழுகின்றன. உயிரோடு இருக்கும் பாசி இவற்றைத் தன் உயிரணுக்களுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. மருந்து பட்டு உயிரணு உடையும்போது அத்தனையும் ஒரே நேரத்தில் நீரில் கலக்கிறது. சில மருந்துகள் தம் பங்குக்கும் நுரையைக் கூட்டுகின்றன. ஆகவே நுரை பொங்குவதை ஸ்கிம்மரின் பழுது என்று எண்ண வேண்டியதில்லை; நீரில் நடப்பதை அது காட்டுகிறது, அவ்வளவே.

அதே வேளையில், செத்த பாசியைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகி ஆக்சிஜனை வேகமாகச் செலவிடுகின்றன. நம் ஊர் வெப்பத்தில் இது சாதாரண விஷயமல்ல. 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புள்ள கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 6.2 ஆகக் குறைந்துவிடும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி புதுச்சேரியில் மே மாதப் பிற்பகலில் 30 டிகிரியைத் தாண்டுவது வழக்கமானதே. இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் பாக்டீரியா பங்கு கேட்கும் நேரத்தில், தொட்டிக்கு மிகுதியாகக் காற்றூட்டும் கருவியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மறுநாள் விடியற்காலையில் மீன்கள் காட்டிவிடும். இரவு முழுவதும் ஒளிச்சேர்க்கை இல்லாமல் எல்லா உயிர்களும் மூச்சு மட்டுமே விடுவதால், விளக்கு எரியத் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் மிகவும் ஆபத்தானது. மருந்து நாட்களில் அந்த நேரத்தில் எழுந்து, மீன்கள் நீர்மட்டத்தில் வாய் வைத்து நிற்கின்றனவா, செவுள்கள் வழக்கத்தைவிட வேகமாக அடித்துக்கொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பாசியை ஒடுக்க விளக்கையும் சேர்த்து அணைத்து வைப்பவர்கள் இந்தக் கவனத்தை இருமடங்காக்கிக்கொள்வது நல்லது.

எந்த மருந்து, எப்போது பொங்கும்

ஒவ்வொரு மருந்துக்கும் நுரையின் காலம் வேறு. சயனோவுக்கு விற்கப்படும் கெமிக்ளீன் போன்ற பொடிகளைப் போட்டால் அன்றே பொங்கும். 48 மணி நேரம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றச் சொல்வது அவற்றின் வழக்கம். அந்த மாற்றத்துக்குப் பிறகும் சில நாட்கள் ஸ்கிம்மர் அடங்காது. பிரையோப்சிஸுக்குப் பயன்படுத்தும் ஃப்ளுகோனசோல் நேர்மாறானது. லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் என்ற அளவில் போட்டு இரண்டு மூன்று வாரம் விட்டுவைப்பார்கள். முதல் வாரத்தில் ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றும், பிறகு பாசி வெளுத்து உதிரத் தொடங்கும், நுரையும் அப்போதுதான் ஏறும். மனிதருக்கான மருந்தாக இருப்பதால் இதை வாங்க மருத்துவர் சீட்டு வேண்டும். இது தொட்டியில் இருக்கும் காலம் முழுவதும், மருந்தை ஈர்த்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் கார்பனை எடுத்துவிட வேண்டும். ஓசோன் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு போடுபவர்கள் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கடல்தொட்டிக்காரர்கள் சொல்லும் அளவு, 3 சதவீதக் கரைசலில் 38 லிட்டருக்கு நாளொன்றுக்கு 1 மில்லி என்பதாகும். நம் மருந்துக்கடைகளில் காயம் கழுவக் கிடைக்கும் பாட்டிலில் ‘20 வால்யூம்’ என்று போட்டிருந்தால் அது 6 சதவீதம். அதாவது பாதி அளவே போதும். கிளீனர் இறால், பெப்பர்மின்ட் இறால் போன்றவை பெராக்சைடைத் தாங்குவதில்லை. அவை இருக்கும் தொட்டியில் பாசி படிந்த பாறையை வெளியே எடுத்து அதன்மேல் மட்டும் தடவி, சில நிமிடம் வைத்திருந்து, தனி வாளியில் கடல்நீர் ஊற்றிக் கழுவி மீண்டும் வைப்பதே பத்திரமான வழி. தாமிரம் கலந்த பாசி மருந்துகளைப் பவளத் தொட்டியில் எந்த அளவிலும் போடக் கூடாது.

கப்பை மட்டும் விலக்குங்கள்

மருந்து போடும் நாளில் ஸ்கிம்மர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது எடுக்கும் நுரை மட்டும் வெளியே போகக் கூடாது. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. கப்பை முழுவதும் கழற்றிவிட்டு, நுரை கழுத்தின் மேல் வழிந்து சம்ப்பிலேயே விழும்படி விடுவது ஒன்று. கப்பை அதன் இடத்திலேயே வைத்து, அதன் அடியில் இருக்கும் வடிகுழாய் மூடியைத் திறந்து, ஒரு சிறு குழாயைச் சொருகி, அதன் மறுமுனையைச் சம்ப்பு நீருக்குள் விடுவது மற்றொன்று. என் விருப்பம் இரண்டாவது வழிதான். கப் இல்லாத கழுத்தில் குமிழிகள் வெடித்துத் தெறிக்கும் உப்புத்துளிகள் சம்ப்பு அலமாரிக்குள் இருக்கும் பிளக் பலகையிலும் அடாப்டரிலும் வெள்ளைப் பூச்சாகப் படியும். கடற்காற்றிலேயே இரும்புக் கீல்கள் துருப்பிடிக்கும் ஊரில் இருந்துகொண்டு, அலமாரிக்குள் இன்னொரு கடற்காற்றை உண்டாக்கிக்கொள்ள வேண்டாம். எந்த வழியை எடுத்தாலும், ஒவ்வொரு மின்கம்பியும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொய்ந்து மேலேறும்படி வைத்தால், கம்பி வழியே வழியும் நீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும், பிளக்கை எட்டாது.

வடிகுழாயை அறைக்குள் இருக்கும் கேனிலோ பாட்டிலிலோ விட்டுவிட்டு வேலைக்குப் போவது பெரிய ஆபத்து. பொங்கும் ஸ்கிம்மர் ஓர் இரவில் பல லிட்டர் நீரை வெளியேற்றிவிடும். சம்ப்பில் மட்டம் குறைந்ததும் தானியங்கி டாப்-அப் அந்த இடத்தை ஆர்.ஓ. நீரால் நிரப்பும்; கேன் நிரம்பித் தரையில் ஓடும் வரை யாருக்கும் தெரியாது. 200 லிட்டர் அமைப்பில் 10 லிட்டர் உப்புநீர் போய் 10 லிட்டர் நன்னீர் வந்தால் 35 பி.பி.டி. உப்பு 33.25 ஆகிவிடும். ஏற்கெனவே மருந்தால் தளர்ந்திருக்கும் பவளத்துக்கு ஓர் இரவில் வரும் இந்தச் சரிவு கூடுதல் சுமை. ஆகவே மருந்துக் காலத்திலும் அதற்குப் பின் ஸ்கிம்மர் அடங்கும் வரையிலும் தானியங்கி டாப்-அப்பை நிறுத்திவிட்டு, சம்ப்புச் சுவரில் மார்க்கரால் கோடு கிழித்து, ஆவியான நீரைக் காலையும் மாலையும் கையால் ஊற்றுவதே நல்லது. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைத் தினமும் ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

கப்பை விலக்கியதும், சம்ப்பு நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் வழியாகச் சிறு குமிழிகள் மேல்தொட்டிக்கு வரக்கூடும். சம்ப்பின் கடைசி அறைக்கு முன் ஒரு கரடுமுரடான ஸ்பாஞ்சு வைத்தால் பெரும்பாலானவை நின்றுவிடும். வடிகட்டிப் பை பயன்படுத்துபவர்கள் அதை இந்நாட்களில் தினமும் மாற்ற வேண்டும். உதிர்ந்த பாசி அந்தப் பையில் தங்கி அழுகினால் எடுத்த பலன் இல்லை. இவற்றோடு ஒரு தனி ஏர் பம்பும் ஏர் ஸ்டோனும் மேல்தொட்டியிலேயே ஓடட்டும். ஸ்கிம்மரின் காற்றுக்குழாய் இரவில் உப்பால் அடைத்துக்கொண்டாலும் இன்னொரு காற்று இருக்கும்.

அந்தக் காற்றுக்குழாய் எந்த அறையின் காற்றை இழுக்கிறது என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கொசுவர்த்திச் சுருளிலும் பிளக்கில் செருகும் திரவத்திலும் இருப்பவை பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துகள். அவை மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. மழைக்காலத்தில் கடலூரிலோ புதுச்சேரியிலோ கொசு இல்லாத வீடு அரிது என்றாலும், ஸ்கிம்மர் ஓடும் அறையில் அவற்றைக் கொளுத்தக் கூடாது. சாம்பிராணிப் புகையையும் வேறு அறையோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிந்தால் காற்றுக்குழாயைச் சன்னல் வழியே வெளிக்காற்றுக்கு நீட்டிவிடுவது நல்லது, மூடிய ஏ.சி. அறையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்குவதையும் அது தடுக்கும்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பது

அவசரமில்லாத பாசி என்றால் நம் கரையில் மருந்து போட ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையே என்பது என் உறுதியான கருத்து. கத்திரி வெயிலில் ஆக்சிஜன் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலும் மின்வெட்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது நகரே வெள்ளத்தில் மிதந்தது. பாசி செத்து ஆக்சிஜன் குறைந்துகொண்டிருக்கும் தொட்டி அத்தகைய ஓர் இரவைத் தாண்டாது.

எந்தக் காலத்தில் போட்டாலும், ஸ்கிம்மரும் ஏர் பம்பும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கின்றனவா என்பதை மருந்துப் பாட்டிலைத் திறக்கும் முன் மெயினை அணைத்துச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஸ்கிம்மர் பம்ப் உறுமும், சூடாகும், சில நேரம் கிளம்பவே கிளம்பாது. சைன் அலை இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் மீன்பிடிக் கடைகளில் கிடைக்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றையாவது கைவசம் வைத்திருக்க வேண்டும்.

மருந்துக் காலம் முடிந்ததும்

கப்பைத் திரும்ப மாட்டுவது கடைசி வேலை. அதற்கு முன் செத்த பாசியைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பாறை இடுக்குகளில் வெளுத்த நூலாகத் தொங்குவதைக் கிள்ளி எடுக்கும்போதே குழாயின் வாயை அருகில் பிடித்தால் அது நீரில் கலைந்து பரவாது. கிளைவிட்ட பவளத்தின் அடியிலும் ரிட்டர்ன் நீர் எட்டாத பின்மூலையிலும்தான் பெரும்பகுதி ஒதுங்கியிருக்கும். அங்கே அரைமணி நேரம் செலவிட்டால், ஸ்கிம்மர் ஒரு வாரம் செய்யும் வேலை குறைந்துவிடும்.

அடுத்தது நீர் மாற்றம். நான்கில் ஒரு பங்கு போதுமானது. ஒரேயடியாகப் பாதியை மாற்றுவது பவளத்துக்கு இன்னொரு அதிர்ச்சி. தேவனாம்பட்டினம் கரையிலிருந்தோ புதுச்சேரிக் கரையிலிருந்தோ கடல்நீர் எடுத்து வருபவர்கள், மருந்துக்குப் பிந்தைய இந்த ஒரு மாற்றத்தையாவது செயற்கை உப்புக் கரைசலால் செய்ய வேண்டும் என்பது என் பரிந்துரை. வடகிழக்குப் பருவமழையில் தென்பெண்ணையும் கெடிலமும் கொண்டுவரும் நன்னீரால் கரையோர உப்பு இறங்கிவிடும், வண்டலும் கலந்திருக்கும். படகுத்துறைகளின் அருகே எடுத்த நீரில் டீசல் படலம் இருக்கும். எண்ணெய் நுரையை அடக்கும், சோப்பு நுரையைக் கூட்டும். இரண்டும் கலந்த நீரை ஊற்றிவிட்டு ஸ்கிம்மரைச் சரிசெய்ய முயன்றால் எது மருந்தின் விளைவு, எது நீரின் விளைவு என்று பிரித்தறிய முடியாது. மீனின் வழுவழுப்பைக் காப்பதாகச் சொல்லும் குளோரின் நீக்கிகளும் ஸ்கிம்மரைப் பொங்க வைக்கும் என்பதால் அவற்றைத் தவிர்த்து ஆர்.ஓ. நீரிலேயே உப்பைக் கரைப்பது மேல்.

நீரை மாற்றிய பின் ஆக்டிவேட்டட் கார்பனை வைக்கலாம். 200 லிட்டருக்கு ஒரு சமையல் கப் அளவு எடுத்து, கரிய தூள் போகும் வரை ஆர்.ஓ. நீரில் அலசி, வலைப்பையில் போட்டு, நீரோட்டம் ஊடுருவும் இடத்தில் வைத்து, நான்கு நாளில் புதியதாக மாற்ற வேண்டும். மிஞ்சிய மருந்தையும் நுரை தரும் கரிமத்தையும் இது ஈர்த்துக்கொள்ளும்.

கப்பை மாட்டலாமா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டில்களைச் சோப்பில்லாமல் கழுவி, ஒன்றில் தொட்டி நீரையும் மற்றொன்றில் புதிதாகக் கரைத்த உப்புநீரையும் பாதி நிரப்பி, ஒன்றுபோலக் குலுக்கி வைத்துப் பாருங்கள். புதுநீரின் நுரை சில நொடிகளில் மறைந்துவிடும். தொட்டி நீரின் நுரை பாட்டில் சுவரைப் பற்றிக்கொண்டு விலகாமல் நின்றால் கப்புக்கு இன்னும் காலம் வரவில்லை. கார்பனை மாற்றி மறுநாள் பார்க்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் அடங்கும் நாளில் கப்பை மாட்டலாம்.

மாட்டும்போது ஸ்கிம்மரின் வெளியேற்றும் வால்வை முழுவதும் திறந்துவிட வேண்டும்; அப்போது உடலுக்குள் நீர்மட்டம் மிகத் தாழ்ந்து நிற்கும். வால்வை மூட மூட மட்டம் ஏறும், நுரை ஈரமாகும். வால்வு இல்லாமல் கப்பையோ குழாயையோ உயர்த்தித் தாழ்த்தும் ஸ்கிம்மரிலும் கொள்கை இதுவே. தெளிந்த நீரும் வெண்குமிழியும் சந்திக்கும் எல்லைக்கோட்டை உடலின் சுவர் வழியே பார்த்து, அது கழுத்தின் அடியிலிருந்து நன்றாகக் கீழே இருக்கும்படி முதல் நாள் விடுங்கள். அதன்பிறகு நாளுக்கு ஒரு முறை, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் ஏற்றி, மறுநாள் வரை தொடாமல் இருக்க வேண்டும். ஸ்கிம்மர் ஒரு மாற்றத்துக்குப் பழகப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அரைமணிக்கு ஒரு முறை வால்வைத் திருகுபவர்களால் அதை எக்காலத்திலும் நிலைநிறுத்த முடியாது. தொடக்கத்தில் பெரிய குமிழிகளோடு வெளுத்த, நீர்த்த கழிவு வரும். குமிழி பொடியாகி, கழுத்தில் பழுப்புப் படலம் ஏறி, கப்பில் டிகாஷன் போல அடர்ந்த திரவம் மெதுவாகச் சேரத் தொடங்கினால் ஸ்கிம்மர் தன் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். தானியங்கி டாப்-அப்பை அதன்பிறகே இயக்க வேண்டும்.

சிலருக்கு நேர்மாறான கவலை வரும்: பொங்கி ஓய்ந்த ஸ்கிம்மர் பல நாட்களாக ஒரு துளியும் எடுக்காது. முதலில் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பான படலம் இருந்தால் நுரை ஏற முடியாமல் அதிலேயே உடைந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வெறும் நீரும் துணியும் கொண்டு அதைத் துடைக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பு அதன் அருகிலேயே வரக் கூடாது. தொட்டிக்குள் கை விட்ட பிறகும், எண்ணெய்ப்பசையுள்ள உறைந்த தீவனம் போட்ட பிறகும் சில மணி நேரம் நுரை அடங்கியிருப்பது இயல்பு. காற்றின் ஒலி மெலிந்திருந்தால் காற்றுக்குழாய் சேரும் வாயில் உப்புக்கட்டி இருக்கிறது என்று பொருள். பம்ப் ஓடும்போதே அந்தக் குழாயின் முனையை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான ஆர்.ஓ. நீரில் சில நொடி நனைத்தால் உறிஞ்சிக் கரைத்துவிடும். அதற்கும் சரியாகாவிட்டால் பம்பைக் கழற்றி, வினிகரும் நீரும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பம்பின் சுழலியான இம்பெல்லரின் ஊசிகளுக்கிடையே படிந்த சுண்ணத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக அலசி மாட்ட வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் கழிவு குறைவாகவே வந்தால், கார்பன் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

கப்பில் எவ்வளவு சேர்ந்தாலும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதனைக் கிட் கொண்டுதான் அறிய முடியும். அவை கரைந்த உப்பு வடிவில் நீரில் வந்துவிட்ட பிறகு குமிழியில் ஒட்டுவதில்லை; ஸ்கிம்மரால் அவற்றை எடுக்க இயலாது. செத்த பாசி வெளிவிட்டவை இவை என்பதால் மருந்துக்குப் பின் இரண்டும் ஏறியிருக்கும். பயந்துபோய் ஒரேயடியாக உறிஞ்சிகளைப் போட்டுச் சுழியத்துக்கு இறக்குவதும் தவறு. அப்படி வெறுமையாக்கிய தொட்டியில் பவளம் வெளிறும், டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்புச் சளி இடம் பிடிக்கும். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். என்ற எல்லைக்குள் வாரக்கணக்கில் மெதுவாகக் கொண்டுவந்தால் போதும். பாசி மிச்சமிருந்து இரண்டாம் முறை மருந்து தேவைப்பட்டால், கழுத்தில் பழுப்பு நுரை ஒரு வாரமாவது தடுமாறாமல் நின்று, விடியற்காலையிலும் மீன்கள் இயல்பாக நீந்துவதைப் பார்த்த பிறகே மருந்தை எடுக்க வேண்டும்.